எரு போடாத பாத்தி

அன்புள்ள என்னங்க,

உங்களைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டுப் பழக்கமில்லை. போன பிறகு மட்டும் எப்படி வரும்? இன்று காலை உங்கள் முதலாண்டு நினைவுப் பூசை முடிந்ததும் கல்லூரிக்குப் போனேன். போகாமலேயே இருந்திருக்கலாம்.

நாம் கல்யாணமாகிக் குடிவந்தபோது, கடைசி பஸ் நிறுத்தத்தையும் தாண்டிச் செம்மண் பாதையில் நடந்தால்தான் அந்த வேளாண்மைக் கல்லூரி வரும். சில ஓட்டுக் கட்டிடங்கள், ஒரு மாட்டுக்கொட்டகை. புதிதாகச் சேரும் பிள்ளைகள் புத்தகத்தைத் திறக்குமுன் கேழ்வரகு விதைக்க வேண்டும். கல்லூரி தொடங்கிய வருஷத்திலிருந்து எருவோ உரமோ காணாத அந்தப் பாத்தியிலும் விதைப்பார்கள். வெறும் மண் எத்தனை காலம் சோறு போடும் என்று பார்ப்பதற்காக, ஒவ்வொரு வாத்தியாரும் அடுத்தவரிடம் ஒப்படைத்துவிட்டுப் போன பாத்தி. ஆடு புகுந்துவிட்டால் நீங்கள் ஓடிப்போய்ப் புழுக்கை பொறுக்குவீர்கள். "லெக்சரர் மாப்பிள்ளைன்னு சொன்னாங்களே" என்று அப்பா என்னைத் தனியாகக் கேட்டார்.

இப்போது சுற்றிலும் அடுக்குமாடிகள். மேம்பாலத்துக்காகக் கல்லூரி நிலத்தைக் கேட்கிறார்கள். கட்டிடத்தை எங்கும் கட்டலாம், இந்த மண்ணை வேறெங்கும் புதிதாகத் தொடங்க முடியாது என்று சொல்லித்தான் இதுவரை தடுத்து வைத்திருந்தார்கள். கையில் இருந்த பிடி அந்தப் பாத்தி ஒன்றுதான்.

இன்று பார்த்தால் அதில் கேழ்வரகு கரும்பச்சையாக இடுப்பளவு நிற்கிறது. பண்ணை வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் மஞ்சுளா சிரித்துக்கொண்டே வந்தாள்.

"சாரோட பாத்தின்னு சொன்னாங்கம்மா. பாவம், பயிரு நோஞ்சானா இருந்துச்சு. சார் நெனப்பா எரு போட்டேன். நல்லா வந்திருக்குல்ல?"

நல்லா வந்திருக்கு என்றேன். அவளை எப்படித் திட்டுவது? அவளுக்கு யாருமே சொல்லவில்லை. சொல்ல வேண்டிய நீங்கள் இல்லை. போட்ட எருவை மண்ணிலிருந்து எப்படிங்க திரும்ப எடுப்பது?

பிரின்சிபால் என்னை ஓரமாகக் கூப்பிட்டார். "வெள்ளிக்கிழமை ஆபீசர்ஸ் வர்றாங்க மேடம். அதுக்குள்ள பயிர அறுத்துடறோம். உங்களையும் கேப்பாங்க. சார் இருந்த வரைக்கும் எரு போடலை, அத மட்டும் சொல்லுங்க. கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கோங்க, காலேஜுக்காகத்தானே."

அவர் சொல்லச் சொன்னது பொய்யும் இல்லை. நீங்கள் இருந்தவரை போடவில்லைதான். உண்மை முழுவதையும் சொன்னால் நிலம் போகும். சொல்லாவிட்டால், அந்த மண்ணை நம்பி இனிமேல் பாடம் படிக்கும் பிள்ளைகள் எல்லோரும் தப்பாகப் படிப்பார்கள். நீங்களாக இருந்தால் என்ன செய்வீர்கள் என்று எனக்குத் தெரியும். அதுதான் பயமாக இருக்கிறது.

வெள்ளிக்கிழமை போகிறேன். கேட்டால் எரு விழுந்ததைச் சொல்லிவிடுவேன். யார் போட்டதென்று மட்டும் சொல்லமாட்டேன். இந்த இரண்டையும் உங்களுக்கு வாக்காகத் தருகிறேன். வேறெதுவும் என் கையில் இல்லை. கல்லூரியைக் காட்டிக்கொடுத்தவள் என்று ஊரே என்னைச் சொல்லும். நீங்களும் சொல்லிவிடாதீர்கள்.

உங்கள் வீட்டுக்காரி,
ஸ்டெல்லா