அண்ணன் மூளையை அளந்த சாஃப்ட்வேர்

ஆடி 5, திங்கள்
காலையிலிருந்து காற்று. மோட்டார் அறைத் தகரம் பக்கத்துத் தோட்டத்தில். அண்ணனின் ஸ்கேன் இப்படித்தான் முடியும் என்று முதலிலேயே சொன்னவன் நான். தேனி ஸ்கேன் சென்டர் வாசலில், நூறு பேர் கேட்கச் சொன்னேன்: படம் எடுக்கட்டும், மூளையைக் கம்ப்யூட்டர் அளப்பதெல்லாம் பொய். எவன் கேட்டான்?

ரிப்போர்ட் வந்தாயிற்று. பெருமாள் அண்ணனுக்கு மூளை சுருங்கிவிட்டதாம். 'வயதுக்கு மிகக் குறைவு', சிவப்பில். கோயம்புத்தூரிலிருந்து வந்த அண்ணன் மகன் செல்வம் பைக் சாவியை எடுத்து ஒளித்துவிட்டான்.

"இனி தோட்டத்துக்குப் போக வேணாம்ப்பா. ஞாயித்துக்கெழம என்கூடக் கெளம்புங்க."

அண்ணனோ, எந்தத் திராட்சைக் கொடி எந்த வருடம் பந்தல் ஏறியது என்று சொல்கிற மனிதர். இரண்டு தடவை மோட்டாரை நிறுத்த மறந்தார், அவ்வளவுதான்; அதற்கே ஸ்கேன். நான் வாரம் மூன்று தடவை மறக்கிறேன்.

ஆடி 6, செவ்வாய்
வாங்க வேண்டியவை: கட்டுக்கம்பி, ஹேர் டை, மாத்திரை.
தேனி. கவுண்டரில் இருந்த பெண்: "அது சாஃப்ட்வேர் போட்ட நம்பர் சார். நாங்க மாத்த முடியாது."
"அப்ப அந்த சாஃப்ட்வேர எங்க ஓடைப்பட்டிக்கு வந்து கொடி கவாத்து பண்ணச் சொல்லு ஆத்தா."
நான் போட்ட சத்தத்தில் மிஷினே நின்றிருக்கும். ஸ்கேன் படம் பதிந்த சி.டி. கைக்கு வந்தது.

ஆடி 8, வியாழன்
அண்ணனோடு மதுரை. பஸ்ஸில் சீட் இல்லை. பெரிய டாக்டர் என்னைக் கண்டதும் எழுந்தார், ஏறக்குறைய. அதே சி.டி.யை வேறு சாஃப்ட்வேரில் போட்டார். வேறு அளவு! மேசையில் ஓங்கித் தட்டினேன்.

"மூளையோட ஓரத்த ஒவ்வொரு சாஃப்ட்வேரும் ஒரு மாதிரி பிரிக்கும். இத மட்டும் வச்சு ஒருத்தர வீட்ல உக்கார வைக்கக் கூடாது," என்றார். "அதோட, அதே வயசுக்காரங்களோட ஒப்பிட்டுத்தான் கொறைவுன்னு சொல்லும். வயசு சரியாத்தான குடுத்தீங்க?"

அண்ணன் என்னைப் பார்த்தார். "ஏலே, ஸ்கேன் சென்டர் ஃபாரம் நீதான எழுதுன?"
"எல்லாம் சரிதான் டாக்டர்," என்றேன்.

ஆடி 9, வெள்ளி
"மதுரையில என்ன சொன்னாக சித்தப்பா?"
"சாஃப்ட்வேரே பித்தலாட்டம்னு சொன்னாக."
"இங்கன செவப்புல போட்டுருக்கே, இது?"
செல்வம் பெட்டி அடுக்குகிறான். சாவி இல்லாத பைக்கை அண்ணன் துடைத்துக்கொண்டிருக்கிறார். அந்த சாஃப்ட்வேர் எழுதியவன் கையில் கிடைத்தால் தொலைந்தான்.

ஃபாரத்தில் அண்ணன் வயது ஐம்பத்தெட்டு என்று போட்டேன். பின்னால் எங்கள் ஊர் டீக்கடைக்காரர் எட்டிப் பார்த்துக்கொண்டு நின்றார். எனக்கு ஐம்பத்தைந்து என்று அவரிடம் அடித்து விட்டிருந்தேன். அண்ணன் என்னைவிட மூன்று வயதுதான் மூத்தவர் என்பது ஊருக்கே தெரியும். அண்ணனுக்கு நிஜத்தில் நடப்பது அறுபத்தொன்பது.