இரண்டு பக்கமும் கைப்பிடி

அருமை மகள் வாலுவுக்கு அப்பா எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் நேரத்துக்குச் சாப்பிட்டு, நேரத்துக்குத் தூங்கி, சண்டையை மட்டும் தள்ளிப்போட்டு நன்றாக இருப்பீர்கள் என்று நினைத்துக்கொள்கிறேன். இங்கே அம்மாவின் முழங்காலைத் தவிர எல்லாரும் சௌக்கியம்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், சிரிக்காதே. நீ என்ன வேலை பார்க்கிறாய் என்று எனக்கு இத்தனை வருஷமாகத் தெரியாது. நீ சொல்லும்போதெல்லாம் தலையாட்டினேன், மண்டையில் ஒன்றும் ஏறவில்லை. கேட்பவர்களிடம் இன்ஜினியர் என்று சொல்லிவைத்தேன். ஒருத்தர் என்ன இன்ஜினியர் என்று விடாமல் குடைந்தார், பெரிய இன்ஜினியர் என்று சொல்லித் தப்பித்தேன். இப்போதுதான் உன் வேலை என்னவென்று புரிந்தது. அதற்கு நான் ஊர்ப்பகை சம்பாதிக்க வேண்டியிருந்தது.

அம்மா நம் மூன்றாம் மாடியை விட்டு இறங்கி எவ்வளவு நாளாயிற்று என்று உனக்கே தெரியும். ஜன்னலில் நின்று காய்க்காரரோடு கத்திக் கத்திப் பேரம் பேசுவாள், அவர் கீழிருந்து காதில் கை வைத்துக் காட்டுவார். அப்புறம் ஜன்னலுக்கு வருவதையும் விட்டுவிட்டாள். அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. படிக்கட்டில் பிடித்துக்கொள்ள ஒரு கம்பி இருந்தால் இறங்கிவிடுவாள் என்று தோன்றியது. வீடு மாற்றுகிற லாரியில் காலமெல்லாம் சாமான் தூக்கியவன், எந்தப் படிக்கட்டையும் பார்த்த மாத்திரத்தில் பீரோ போகுமா போகாதா என்று சொல்லுகிறவன், என்னையே கிரேன் என்றுதான் கூப்பிடுகிறார்கள், அப்புறம் நான் யாரைக் கேட்க வேண்டும்? வெல்டிங் பட்டறையில் குழாயை வளைத்து வாங்கிவந்து சுவரில் ஓட்டை போட்டேன். முதல் ஓட்டைக்கே முதல் மாடி டீச்சர் வீட்டுக் கடிகாரம் உள்ளே விழுந்துவிட்டது. டீச்சர் வெளியே வந்து, "என் வீட்டுச் சுவரைத் துளைக்க உங்களுக்கு யார் சொன்னது?" என்றார். இரண்டாம் மாடி சைக்கிள்காரர், தினமும் சைக்கிளைத் தோளில் தூக்கிக்கொண்டு ஏறுவாரே அவர்தான், "கம்பி வந்தா என் ஹேண்டில்பார் எங்கே போகும்?" என்றார். நான் மரியாதையாகப் பேசியிருக்கலாம். படிக்கட்டு என்ன உங்க அப்பன் வீட்டுச் சொத்தா என்று கேட்டுவிட்டேன். அதோடு கதவுகள் சாத்திக்கொண்டன, குழாய் நம் கட்டிலுக்கு அடியில் போய்ப் படுத்துக்கொண்டது.

அன்று போனில் உன்னிடம் பாதிதான் சொன்னேன். நீ ஒரே கேள்விதான் கேட்டாய், "யார் யார்கிட்ட கேட்டீங்கப்பா?" என்று. அப்புறம், நம் நியாயத்தைக் கொண்டுபோய்க் கொட்டாதீங்க, அவங்களுக்கு என்ன கஷ்டம்னு தனித்தனியா கேளுங்க, ஆபீஸ்ல என் வேலையே அதுதான்பா என்றாய். இதற்கா சம்பளம் கொடுக்கிறார்கள் என்று மனசுக்குள் நினைத்தேன், மன்னித்துக்கொள். போனேன். டீச்சர் வீட்டில் டீ, சைக்கிள்காரர் வீட்டில் டீ, மறுபடி டீச்சர் வீட்டில் டீ, வயிறு கடமுடா என்றது. டீச்சருக்குக் கம்பி மேல் கோபமே இல்லையாம், டியூஷன் நடக்கும்போது சைக்கிள் சுவரில் இடித்துக்கொண்டு ஏறுகிற சத்தம்தான் உயிரை எடுக்கிறதாம். சைக்கிள்காரரைக் கேட்டால், "எனக்கு மட்டும் தூக்கணும்னு வேண்டுதலாண்ணே? படிக்கு அடியில இடம் இருந்தா அங்கேயே நிறுத்தமாட்டேனா?" என்கிறார். அந்த இடத்தை யார் அடைத்து வைத்திருந்தது என்று போய்ப் பார்த்தேன். என் கயிறு, என் சாக்கு, என் பழைய தார்ப்பாய். அன்றைக்கே எல்லாவற்றையும் எடுத்துப் போட்டேன். டீச்சர், தன் சுவரைத் தொடாமல் எதிர்ச் சுவரில் அடித்துக்கொள்ளச் சொன்னார். சைக்கிள்காரரே குழாயைப் பிடித்துக்கொண்டார். வேலை முடிந்ததும் மேலே ஓடிப்போய் அம்மாவை ராணி மாதிரிக் கூட்டிவந்து காட்டினேன்.

பார்த்தாள். தொடவில்லை. "இறங்கும்போது இது வலது கைக்கு வருது. என் வலது தோள் தூக்க வராதுன்னு தினமும் தைலம் தேய்ச்சு விடுறது யாரு? கட்டடம் பூரா டீ குடிச்சீங்களே, நடக்கப் போறவகிட்ட ஒரு வார்த்தை கேட்டீங்களா?" என்று கேட்டுவிட்டு உள்ளே போய்விட்டாள். சைக்கிள்காரர் ஸ்க்ரூவை எண்ணுகிற மாதிரி குனிந்துகொண்டார். நான் எங்கே குனிவது?

இந்தத் தடவை நான் வாயைத் திறக்கவில்லை. அம்மாவே மேல் படியில் உட்கார்ந்து டீச்சரைக் கூப்பிட்டுப் பேசினாள். என்ன பேசினார்களோ, டீச்சரே வந்து தன் சுவரில் எங்கே துளைக்கலாம் என்று சாக்பீஸால் குறித்துக் கொடுத்தார். முதல் கம்பியைக் கழற்றலாம் என்றால் அதற்குள் டியூஷன் பிள்ளைகள் அதைப் பிடித்துப் பழகிவிட்டார்கள். சரி, யார் மனசும் கோண வேண்டாம், இரண்டு பக்கமும் இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன். இன்று காலை அம்மா இடது கையால் பிடித்து, ஒவ்வொரு படியாக, என்னைத் தொடவிடாமல் இறங்கினாள். கேட்டுக்கு வெளியே போய் நின்று காய்க்காரரிடம் மெதுவான குரலில் பேரம் பேசினாள். எனக்குக் கண்ணில் என்னவோ விழுந்துவிட்டது, துடைத்துக்கொண்டேன்.

நீங்கள் இருவரும் எந்தக் குறையும் இல்லாமல் நீண்ட நாள் நன்றாக இருக்க வேண்டும். குளிரில் காதை மூடிக்கொள். இனி யார் கேட்டாலும் உன் வேலையைச் சரியாகச் சொல்வேன், டீ குடிக்கிற இன்ஜினியர் என்று.

இப்படிக்கு,
பெயருக்கு மட்டும் கிரேனான உன் அப்பா

பின்குறிப்பு: அம்மா காலை நீட்டி உட்கார நீ அனுப்பிய சோபா மத்தியானம் வந்தது. கொண்டுவந்த ஆட்களிடம் இது என் தொழில் என்று சொல்லி வாசலிலேயே அனுப்பிவிட்டேன். மேல் முனையை நான் பிடித்தேன், கீழ் முனையைச் சைக்கிள்காரர் பிடித்தார். இரண்டாம் மாடிக்கும் நம் மாடிக்கும் நடுவில், இரண்டு கம்பிகளுக்கும் இடையே சோபா நிற்கிறது. மேலேயும் வராது, கீழேயும் போகாது. நான் மேல் பக்கம் இருக்கிறேன். அம்மா டீச்சர் வீட்டில் டீ குடித்துக்கொண்டிருக்கிறாள். இந்தக் கடிதத்தைச் சோபாவுக்கு மேலாக நீட்டினால் சைக்கிள்காரர் வாங்கித் தபாலில் போடுவதாகச் சொல்லியிருக்கிறார்.