ஒற்றைப்படை வருஷத்துக்காரி

6-5-1985, திங்கள்

விடைத்தாள் இன்னும் நாற்பது பாக்கி. மழைக்காடு எங்கே இருக்கிறது என்று கேட்டதற்கு ஒருத்தி "குற்றாலத்தில்" என்று எழுதியிருக்கிறாள். அரை மதிப்பெண் போட்டேன். பூகோள டீச்சருக்கு அதற்கு மேல் மனசு வரவில்லை.

சாயங்காலம் ரேடியோ சிற்றலையில் பிரஸ்ஸல்ஸ் நிலையம் கிடைத்தது. ஐரோப்பியப் பாட்டுப் போட்டியில் பெல்ஜியம் கடைசி. ஏழே ஏழு புள்ளி. சே!

அந்த நாட்டில் இரண்டு பாஷை, இரண்டு நிலையம். இரட்டைப்படை வருஷம் பிரெஞ்சுக்காரர்கள் பாட்டு அனுப்புவார்கள், ஒற்றைப்படை வருஷம் டச்சு பேசுகிறவர்கள். 1957-லிருந்து இப்படித்தான். நோட்டுப் போட்டு எழுதி வைத்திருக்கிறேன். பூஜ்யம் வாங்கியதில்கூட ஆளுக்கொரு முறை: 62-இல் அவர்கள், 65-இல் இவர்கள். இந்தக் கடைசி இடமும் ஒற்றைப்படைக்காரர்கள் வாங்கியதுதான். என் கட்சி அவர்கள்.

ஏன் என்று தெரியாதா எனக்கு? மேலகரம் கோயில் மாசித் திருவிழாவில் எட்டாம் நாள் மண்டகப்படி எங்கள் குடும்பத்துக்கு: அன்றைய செலவும் எங்களுடையது, மரியாதையும் எங்களுக்கு. இரட்டைப்படை வருஷம் பெரியப்பா வீடு, ஒற்றைப்படை வருஷம் நாங்கள். இந்த வருஷம் அப்பா தலையில் பரிவட்டம் கட்டிக்கொண்டு நடந்தார். அடுத்த மாதமே போய்விட்டார். வீட்டில் நான் ஒருத்திதான்.

19-6-1985

வல்லிநாயகம் அண்ணாச்சி வந்திருந்தார். பெரியப்பா மகன், அடுத்த வாசல். காபியைக் குடித்து முடித்துவிட்டுச் சொல்கிறார்: "இனிமே ரெண்டு வருசத்தையும் நானே பாத்துக்கிடுதேன் கல்யாணி. பொம்பளைக்கு ஏதுட்டி பரிவட்டம்?"

அவர் போன பிறகு பதில் சொன்னேன், நிறையச் சொன்னேன், அடுப்பைப் பார்த்து.

21-6-1985

வகுப்பில் தக்காணப் பீடபூமியை வரைந்து அதில் சிந்து நதியை ஓடவிட்டேன். பிள்ளைகள் சிரித்தார்கள்.

22-2-1986, சனி

அண்ணாச்சி முறை. வழக்கப்படி கோயிலிலிருந்து மேளம் வந்து முறைக்காரர் வாசலில் நின்று வாசிக்கும், அவர் வெளியே வந்ததும் முன்னால் நடக்கும். இன்று அவர் வாசலில் நின்றது. எனக்கும் அவருக்கும் நடுவில் ஒரு சுவர்தான். நாதஸ்வரம் என் வீட்டுப் பாத்திரத்தில் எல்லாம் அதிர்ந்தது. அடுத்த வருஷம் இது என் வாசலில் நிற்குமா? நிற்காமல் போனால் அப்பா பேரே அங்கே இல்லாமல் ஆகிவிடும். அவ்வளவுதான் விஷயம், வேறொன்றும் இல்லை.

5-5-1986

பெல்ஜியம் ஜெயித்துவிட்டது! முப்பது வருஷத்தில் முதல் தடவை. பாடியது சின்னப் பெண். ஆனால் பிரெஞ்சுக்காரர்கள் முறையில்.

காலையிலிருந்து நிலைகொள்ளவில்லை. சந்தோஷமா, எரிச்சலா? பள்ளிக்கூடத்தில் பாத்திமுத்து டீச்சரிடம் சொன்னேன். "ரெண்டும் ஒரே நாடுதான டீச்சர்? சந்தோசப்பட்டுட்டுப் போயேன்" என்றாள். அவளுக்கு எல்லாம் சுலபம்.

13-7-1986, ஞாயிறு

குற்றாலம். நல்ல சாரல். பாத்திமுத்துவும் நானும் குளித்துவிட்டுத் தலை துவட்டிக்கொண்டிருந்தோம். உடம்பெல்லாம் எண்ணெயோடு அண்ணாச்சி எதிரே வந்தார், கூட அவர் பெண்டாட்டி முத்துவடிவு மதினி, சொந்தக்காரர்கள் நாலு பேர்.

பேச்சு எப்படியோ முறைக்குப் போயிற்று. நான் சும்மா இருந்திருக்கலாம். இருந்தேனா? பெல்ஜியத்தை இழுத்தேன். "ஒருத்தன் மூஞ்சியில ஒருத்தன் முழிக்க மாட்டான், ஆனா முறைய மாத்தல. கடைசியா வந்தாலும் மாத்தல" என்றேன்.

"இப்ப ஜெயிச்சது யாரு?" என்றார் அண்ணாச்சி.

"பிரெஞ்சுக்காரங்க."

"அடுத்த வருசம் போட்டி எங்க?"

"ஜெயிச்ச நாட்டுலதான்."

"அப்ப அத யாரு நடத்துவா?"

"87 ஒத்தப்படை. டச்சுக்காரங்கதான் நடத்துவாங்க."

"ஜெயிச்சவன் விட்டுக் குடுப்பானாக்கும்!" என்று சிரித்தார். எல்லோரும் சிரித்தார்கள். மதினி மட்டும் சிரிக்கவில்லை.

எனக்கு வந்ததே ஒரு ஆத்திரம். "குடுக்கலைன்னா என் முறைய நீங்களே எடுத்துக்கிடுங்க" என்றுவிட்டேன். நாலு பேர் சாட்சி.

என் வாயில் ஏன் கொள்ளிக்கட்டையை வைக்கக் கூடாது?

14-7-1986

பிரஸ்ஸல்ஸ் நிலையத்துக்குக் கடிதம். அடுத்த வருஷம் நடத்தப்போவது யார்? தயவுசெய்து தெரிவிக்கவும். தென்காசி தபாலாபீஸில் நானே போய்ப் போட்டேன்.

9-9-1986

தபால் இல்லை.

11-10-1986

வந்துவிட்டது. ஒரு அம்மாள் அழகாக ஆங்கிலத்தில் தட்டச்சு செய்து அனுப்பியிருக்கிறாள். விழாவை நடத்துவது பிரெஞ்சு நிலையம், தனியாக. பாட்டு அனுப்புவது டச்சு நிலையம், அது அவர்கள் முறை.

ஐயோ.

மண்டபம் அவர்களுக்கு, பாட்டு இவர்களுக்கு. அப்படியானால் நான் ஜெயித்தேனா, தோற்றேனா? நான் குற்றாலத்தில் சொன்னது "நடத்துவாங்க" என்று. நடத்தவில்லை. எப்படித் திருப்பிப் பார்த்தாலும் நடத்தவில்லை.

12-10-1986

கடிதத்தை அட்லஸுக்குள் வைத்திருக்கிறேன். ஆப்பிரிக்காவில்.

15-10-1986

பாத்திமுத்துவிடம் காட்டினேன். "இங்கிலீஷ் கடுதாசி. உங்க அண்ணனுக்கு எப்படித் தெரியப்போவுது? பேசாம இரு" என்றாள். நியாயம்தான். அவராக ஒரு நாளும் கேட்கவில்லை. மறந்துகூடப் போயிருப்பார்.

ஆனால் அந்தப் பக்கம் அவர் செருமுகிற சத்தம் கேட்டாலே எழுந்து போய் அட்லஸ் மூடியிருக்கிறதா என்று பார்க்கிறேன். திருட்டு முறையில் எப்படிப் போய்க் கோயில் வாசலில் நிற்க? நான் என்ன செய்யட்டும்? சொல்லித் தொலைக்கவா? இரண்டு நாளாக ரேடியோவைத் தொடவில்லை.

2-11-1986, ஞாயிறு

கடிதத்தை அண்ணாச்சியிடம் கொடுத்துவிட்டேன். கண்ணாடியைப் போட்டுப் பார்த்துவிட்டு, "நீயே படி" என்றார். ஒரு வரி விடாமல் படித்துத் தமிழிலும் சொன்னேன். மதினி கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

தாடியைச் சொறிந்தார். "அப்ப மண்டகப்படிய நடத்துதது நான்" என்றார்.

"ஆமா."

"வாக்கு மாற மாட்டியே?"

"மாறத் தெரிஞ்சா இதக் கொண்டாந்து படிச்சிருப்பனா?" என்று கத்திவிட்டேன். வீட்டுக்கு வந்து அழுதேன். அப்பா படத்தைப் பார்க்கவில்லை.

1-3-1987

சுவருக்கு அந்தப் பக்கம் பந்தல் சாமான் இறங்குகிறது. நான் சுண்டலுக்குக் கடலை வாங்கவில்லை, பூவுக்குச் சொல்லவில்லை, ஒன்றும் செய்யவில்லை. ரேடியோவில் எந்த நிலையமும் ஐந்து நிமிஷத்துக்கு மேல் கேட்க முடியவில்லை.

12-3-1987, வியாழன்

நடந்ததை ஒழுங்காக எழுத வேண்டும்.

லீவு போட்டுவிட்டு வீட்டிலேயே கிடந்தேன். பழைய சேலை, கையெல்லாம் மாவு. சாயங்காலம் தெருக்கோடியில் மேளச் சத்தம் கேட்டது. கதவைச் சாத்தலாம் என்று போனேன். அதற்குள் சத்தம் நெருங்கி, நின்றுவிட்டது. என் வாசலில்.

நாதஸ்வரக்காரர் கடற்கரை கண்ணை மூடிக்கொண்டு வாசிக்கிறார். அடுத்த வாசலில் அண்ணாச்சி பட்டு வேட்டியோடு, சந்தனத்தோடு நிற்கிறார். கூட்டம் அவரைப் பார்க்கிறது, என்னைப் பார்க்கிறது. யாரோ கடற்கரையின் தோளைத் தட்டி, "அங்கன போகணும்வே" என்றார்கள். அவர் வாயிலிருந்து சீவாளியை எடுத்துவிட்டு முழித்தார். "ஒத்த வருசம்லா? இருவது வருசமா ஒத்த வருசம் இங்கனதான நிக்கேன்!"

அவரிடம் யாரும் சொல்லவே இல்லை போலிருக்கிறது. சொல்ல வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை.

நான் வாயைத் திறந்தேன், இல்லை, அங்கே போங்கள் என்று சொல்லத்தான். அதற்குள் அண்ணாச்சி படியிறங்கி வந்தார். "வாசியும்வே" என்றார் கடற்கரையிடம். பிறகு என்னிடம், எரிச்சலாக: "என்னட்டி பாத்துக்கிட்டு நிக்க? போய்ச் சேலைய மாத்து. சாமி காத்துக்கிட்டுருக்கு."

"வாக்குக் குடுத்துட்டேனே அண்ணாச்சி."

"குடுத்த. அந்தக் கடுதாசிய நீ மறைச்சிருந்தா எனக்கு எந்தக் காலத்துல தெரியும்? நாலு மாசமா அது என்னைய அரிச்சுத் தின்னுது. போ, போ."

மதினி உள்ளே வந்து என் கையைக் கழுவிவிட்டாள். அவளுடைய அரக்குப் பட்டைச் சுற்றிவிட்டாள். தெருவில் மேளத்துக்குப் பின்னால் நடந்தேன். கால் தரையில் படவே இல்லை, கல் தடுக்கி ஒரு தடவை விழப்பார்த்தேன்.

சந்நிதியில் பட்டர் பரிவட்டத்தை எடுத்துவிட்டுத் தயங்கினார். "தட்டுல வச்சு அவ கையில குடுங்க சாமி, சித்தப்பா மக" என்றார் அண்ணாச்சி. தட்டில் வைத்துக் கொடுத்தார்.

ஏற்பாடு முழுக்க அவருடையது, சுண்டல்வரை. சுண்டலில் உப்பு கூடுதல். சொல்லவில்லை.

11-5-1987

எங்கள் ஆட்களுக்குப் பதினோராம் இடம். நோட்டில் எழுதிக்கொண்டிருக்கும்போது அண்ணாச்சி வந்து நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். ரேடியோவைக் கேட்க அவர் இந்த வீட்டுக்குள் வந்ததே இல்லை.

"என்னாச்சுட்டி ஒன் ஆளு?"

"பதினொண்ணு."

"எத்தன பேருல?"

"இருவத்திரெண்டு."

"கடைசி இல்லைல்லா. பரவால்ல." ரேடியோத் திருகியைப் பிடித்து என் நிலையத்தை எங்கேயோ தொலைத்தார். பொறுத்துக்கொண்டேன். எழுந்து போகும்போது, "அடுத்த வருசம் எனக்கு. வீட்டுல கெடக்காம வந்து சேரு" என்றார்.

"எண்பத்தொம்பதுல மேளத்துக்கு யாருகிட்ட சொல்ல?" என்று கேட்டேன்.

செருப்பை மாட்டிக்கொண்டே, "அது ஒன் பாடு" என்றார்.