காட்டெருமை வந்தால் கைதட்டாத மைதானம்

என் சாமி மாதேசு,

நீ போன பிறகு உன் பல்கலைக்கழகத்திலிருந்து போன வாரம்தான் எனக்கு ஒரு போன் வந்தது. உடற்கல்வி இயக்குநர் பேசினார். "ஏனுங்க, தம்பி போட்டுட்டிருந்த அந்தக் காட்டெருமைத் தலை உங்க ஊட்லதானுங்களே இருக்குது? கொண்டாந்து குடுத்தீங்கன்னா கண்ணாடிப் பெட்டியில வெச்சிரலாமுங்க. இனிமே நம்ம விளையாட்டுச் சின்னம் சிங்கமுன்னு பேசிட்டிருக்கறாங்க."

எனக்குச் சுருக்கென்றது. உன்னைக் கண்ணாடிப் பெட்டியில் பார்த்தது போதாதா? காமாலை தின்று தீர்த்த உன் முகத்தை அதற்குள் பார்த்தவள் நான். இப்போது காட்டெருமையையும் உள்ளே வைத்து மூடுவார்களாம். "முடிவு பண்ணிட்டீங்களா?" என்று கேட்டேன். வெள்ளிக்கிழமை கூட்டம் இருக்கிறது என்றார். அப்படியானால் நானே எடுத்துக்கொண்டு வருகிறேன் என்று சொல்லி வைத்துவிட்டேன்.

அந்தத் தலை பிறந்த கதை அங்கே இப்போது இருப்பவர்களுக்கு எங்கே தெரியும்? நீ கபடி அணியில் இருந்தாய் என்று ஊரெல்லாம் பெருமை. மாற்று ஆளாக ஓரத்தில் உட்கார்ந்திருந்தாய் என்பது எனக்கு மட்டும்தான் தெரியும். மலையிலிருந்து போய் அணியில் சேர்ந்த உங்கள் சிலரைப் பார்த்து எதிரணிக்காரர்கள் "காட்டெருமைங்க எறங்கிருச்சுடா" என்று கேலி பேசினார்கள். மற்றவர்கள் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டார்கள். நீ ஊருக்கு வந்து, "அக்கா, நெசமாவே ஒரு காட்டெருமை தெச்சுக் குடு" என்றாய்.

காப்பிச் சாக்கின் மேல் கறுப்புக் கம்பளியைப் போர்த்தித் தைத்தேன். பழைய சைக்கிள் டயரை வெட்டித் துணி அடைத்துக் கொம்பு வைத்தேன். உன் தலையோ ஏற்காடு பஜாரில் எந்தக் கடைத் தொப்பியும் நுழையாத தலை. அதற்கு அளவெடுத்து உள்ளே பஞ்சு வைப்பதற்குள் எனக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது.

முதல் ஆட்டத்துக்கு அம்மாவும் எஸ்டேட் ஆட்களும் ஜீப் பிடித்து வந்தார்கள். உள்ளே நீ இருப்பதை நான் யாரிடமும் சொல்லவில்லை. நீ துள்ளிக்கொண்டு வந்தாய், பிள்ளைகள் விசிலடித்தார்கள். நம் ஆட்கள் மட்டும் எழுந்து அசையாமல் நின்றார்கள். காப்பிப் பழம் பறிக்கும்போது செடிகளுக்கு நடுவே காட்டெருமை வந்தால் யாரும் கத்த மாட்டார்கள், ஓட மாட்டார்கள். கையை நிறுத்திவிட்டு அது தாண்டிப் போகும்வரை நிற்பார்கள். அந்தப் பழக்கம் மைதானத்திலும் அவர்களை எழுப்பிவிட்டது. அம்மா கையெடுத்துக் கும்பிட்டது. "சாமி, நீங்க உங்க வழியில போங்க. நாங்க எங்க வேலையப் பாக்கறோமுங்க."

நீ அப்படியே நின்றுவிட்டாய். நம் ஆட்களைப் பார்த்துப் பக்கத்தில் இருந்தவர்கள் வாயை மூடினார்கள், கொஞ்ச நேரத்தில் மைதானமே மூச்சுவிடவில்லை. எதிரணிக்காரர்கள் என்னமோ ஏதோவென்று சுற்றிச் சுற்றிப் பார்த்தார்கள். அன்றைக்கு நாம் தோற்றோம் என்பது வேறு விஷயம். ஆனால் காட்டெருமை வந்தால் யாரும் சத்தம் போடக்கூடாது என்பது அன்றிலிருந்து அங்கே வழக்கமாகிவிட்டது. உள்ளே இருந்தது நீ என்று தெரிந்ததும் அம்மா, "அட எடுபட்டவனே, உன்னையவா கும்புட்டேன்?" என்று குட்டு வைத்தது. படிப்பு முடிந்து அங்கேயே மைதான வேலைக்குச் சேர்ந்த பிறகும் தலையை நீதான் மாட்டினாய். உனக்குப் பின் யாரும் தொடவில்லை.

வெள்ளிக்கிழமை அதை மடியில் வைத்துக்கொண்டு பஸ் ஏறினேன். "ஏனுங்கக்கா, இவருக்கு டிக்கெட்டு?" என்றார் கண்டக்டர். "இவரு மலைக்கே சொந்தக்காரருங்க, அவருகிட்டப் போயி டிக்கெட்டு கேப்பீங்களா?" என்றேன். பஸ்ஸே சிரித்தது.

கூட்டத்தில் விளம்பர வேலை பார்க்கும் ஒரு தம்பி சிங்கத்தின் படத்தைக் காட்டினார். "சிங்கம் வந்தா மைக்ல கர்ஜனை போடலாமுங்க, கூட்டம் அதிரும். உங்க காட்டெருமை வந்தா இருக்கற சத்தமும் அடங்கிருதுங்களே" என்றார். அவர் சொன்னதில் பொய் இல்லையே? மடியில் இருந்த தலையை எடுத்து மேசைமேல் வைத்தேன்.

பெண்கள் கபடி அணியின் கேப்டன் சங்கீதா எழுந்தாள். ஆத்தூர்ப் பக்கத்துப் பெண், காட்டெருமையை நேரில் பார்த்ததே இல்லையாம். "நான் சேந்த வருசம் அந்த அண்ணன் வருவாருங்க. எல்லாரும் அமைதியாயிருவாங்க. அப்பத்தான் என் மூச்சு எனக்கே கேக்கும், பயம் போயிரும். இப்ப நொம்ப சத்தமுங்க சார். பயத்தோடயே களத்துல எறங்கறோம்" என்றாள்.

மாதேசு, இது உனக்குத் தெரியுமா? தெரியாமலேயே போய்விட்டாயா?

"சரீம்மா, மாட்டறதுக்கு ஆளு?" என்றார் இயக்குநர். சங்கீதாவோடு விடுதியில் தங்கியிருக்கும் அமுதா கையைத் தூக்கினாள். குருவி மாதிரி ஒரு பெண். தலையை எடுத்து மாட்டினாள், அது தோள்வரை இறங்கிவிட்டது. கண் ஓட்டைகள் அவள் மோவாய்க்குக் கீழே. விளம்பரத் தம்பி உட்பட எல்லோரும் சிரித்துவிட்டார்கள். "சிங்கம் இருக்கட்டும். காட்டெருமையே வரட்டுமுங்க" என்று முடித்தார் இயக்குநர். "ஏனுங்க, பிரிச்சு இந்தப் புள்ளைக்குச் செரியாத் தெச்சுக் குடுத்துருங்க."

சந்தோஷமாகத்தான் திரும்பினேன். வீட்டுக்கு வந்து கத்தரியை எடுத்தபோதுதான் கை வரவில்லை. உள்ளே உன் தலை அழுத்தி அழுத்திப் பஞ்சு குழிந்து கிடக்கிறது. உன் நெற்றி, உன் பின்மண்டை, எல்லாம் அப்படியே. இதைப் பிரித்தால் உன் தலையின் அச்சு இந்த உலகத்தில் வேறு எங்கே இருக்கும்? கத்தரியைப் பிடித்தபடி அழுதேன். அம்மா எட்டிப் பார்த்தது. "என்னத்துக்குக் கண்ணு கத்தரி? சின்னத் தலைக்குப் பஞ்சு கூட்டத்தான வேணும்?" என்றது.

இத்தனை வருஷம் தையல் மிஷின் மிதித்தவளுக்கு இது தெரியாமல் போயிற்று பார். சிரித்துவிட்டேன். நாளைக்குக் காலையில் உன் குழியின் மேலேயே புதுப் பஞ்சு வைத்து அமுதாவின் அளவுக்குத் தைத்துவிடுவேன்.

ஒன்று சொல்கிறேன், கேட்டுக்கொள். உன்னையும் மிஞ்சிய பெருந்தலைக்காரன் ஒருவன் என்றைக்காவது வந்து, நான் மாட்டுகிறேன் என்று நின்றால், அன்றைக்கு உன் பஞ்சையும் பிரித்தெடுப்பேன். அழுதுகொண்டேதான் பிரிப்பேன். ஆனால் பிரிப்பேனடா சாமி.

என்றும் உன் தலைக்கு அளவெடுத்த
உன் அக்கா சரசு,
கொட்டச்சேடு.