மனஸ்தாபம் வராத ஒன்று

இன்று காலைப் பூசையில் எனக்கு முன்னால் உட்காரும் வாங்கு முழுக்க முதல் நன்மை எடுக்க வந்த பிள்ளைகள். வெள்ளைச் சட்டைகளில் கஞ்சி மணம். நற்கருணையை நம் கரையில் நன்மை என்றுதானே சொல்கிறோம். அந்தச் சொல்லைக் கேட்டால் எனக்கு இப்போது களைப்புத்தான் வருகிறது, மச்சாள். அதற்காக நீங்கள் வருடக்கணக்கில் காத்திருந்தீர்கள்.

சண்டை முடிந்து, நேவியின் பாஸ் இல்லாமல் கடலுக்குப் போகலாம் என்று வந்த காலம். மூன்றாவது பிள்ளைப்பேற்றில் சாகக் கிடந்தீர்கள். இன்னொன்று உண்டானால் தாய் மிஞ்சமாட்டாள் என்று புத்தளம் ஆஸ்பத்திரியில் டொக்டர் என் அண்ணனிடம் சொன்னார். இனிப் பிள்ளை உண்டாகாதபடி ஒப்பரேசன் செய்துகொண்டீர்கள். சபை அதைப் பாவம் என்கிறது. நீங்கள் மறைக்கவில்லை, பாவசங்கீர்த்தனத்தில் பங்குச் சுவாமியிடம் போய்ச் சொன்னீர்கள்.

கரையில் நெத்தலி காயப்போட்டபடி எனக்குக் கதை சொன்னீர்கள். “மனஸ்தாபப்படுறியா எண்டு சுவாமி கேட்டார். இல்ல சுவாமி, சுகமா இருக்கிறன் எண்டன்.”

சிரித்தோம். ஆனால் செய்த பாவத்துக்கு வருந்தும் மனஸ்தாபம் இல்லாமல் மன்னிப்பில்லை, மன்னிப்பில்லாமல் நன்மையில்லை என்று அவர் உங்களை அனுப்பிவிட்டிருந்தார்.

“மனஸ்தாப மந்திரத்தைச் சும்மா ஒப்பிச்சுப்போட்டு வாறதுதானே, மச்சாள்?”

“விசரி, அது சுவாமிக்கா சொல்ற மந்திரம்?”

அதன்பின் ஒவ்வொரு ஞாயிறும் மற்றவர்கள் நன்மைக்கு எழும்ப, நீங்கள் முழங்காலை ஒதுக்கி வழிவிட்டீர்கள். “என்ன, இண்டைக்கும் சாப்பிட்டுட்டா வந்தனீங்க?” என்று பக்கத்து வாங்குப் பெண்கள் குத்துவார்கள். நன்மைக்கு முன் சாப்பிடக்கூடாதே. “ஓம், வயிறு முட்ட” என்பீர்கள். வீட்டுக்கு வரும் வழியில் என்னை விட்டு முன்னால் நடப்பீர்கள்.

மனச்சாட்சி உறுதியாகச் சொல்வதை மீறக்கூடாது என்று சபையே போதிக்கிறது. மறைக்கல்வி வகுப்பில் படித்தேன். பிரசங்கத்தில் ஒருநாளும் கேட்டதில்லை. சுவாமியிடம் கேட்டேன். “மனச்சாட்சியைச் சபைதான் வளர்க்கவேணும் பிள்ளை, டொக்டர் இல்ல” என்றார். சரி. டைனமைட் அடித்து மீன் பிடிக்கிற, கூலியாட்களைக் கைநீட்டி அடிக்கிற எங்கள் வள்ளங்களுக்கு முதலாளியான சம்மாட்டியின் மனச்சாட்சியை வளர்த்தது யார்? அவர்தான் முதல் வாங்கிலிருந்து எழும்பி முதல் ஆளாக நன்மை எடுத்தார். கோயில் கூரைக்குத் தகரம் கொடுத்தவர் அவர்.

பிறகு புற்றுநோய். கடைசிக் கிழமையில், மாறி வந்திருந்த இளம் சுவாமி நோயாளிக்கான எண்ணெய்ப் பூசுதல் கொடுக்க வீட்டுக்கு வந்தார். அண்ணன் கதிரை போட்டார். நாங்கள் வெளியே போகப் பார்த்தோம். “இருக்கட்டும், எல்லாருக்கும் தெரிஞ்ச பாவம்தானே” என்றீர்கள். சுவாமி அதே கேள்வியைக் கேட்டார்.

“பிள்ளைகளுக்கு ஏசினதுக்கு மனஸ்தாபம், சுவாமி. அதுக்கு இல்ல.”

அவர் கதிரையை உங்கள் பக்கம் இழுத்தார். பின் மறுபடி கேட்காமல் மன்னிப்புச் செபத்தைச் சொல்லி நன்மை தந்தார். விழுங்க முடியவில்லை, நான் கரண்டியால் தண்ணீர் விட்டேன். வீடே அழுதது. நான் அழவில்லை. ஒரே சபை, ஒரே பதில். சுவாமி மட்டும்தான் வேறு. அப்படியென்றால் அந்த ஞாயிறுகளை உங்களிடமிருந்து எடுத்தது யார்?

உங்களை அடக்கம் செய்தபின் நானும் நன்மைக்கு எழும்புவதில்லை. அந்த இளம் சுவாமி காரணம் கேட்டார். “மனச்சாட்சி விடுகுதில்ல” என்றேன். சொன்னதும் நாக்கு கூசியது. உங்களுக்கு நன்மை வேண்டியிருந்தது. பொய் சொல்ல முடியாததால்தான் உட்கார்ந்திருந்தீர்கள். நான் உட்கார்ந்திருப்பது மனச்சாட்சியாலா, வெறும் கோபத்தாலா? பூசைக்குப் பூசை அதைக் கேட்டுப் பார்க்கிறேன், மச்சாள். இன்னும் தெரியவில்லை. தெரியாமல் எழும்பவும் முடியவில்லை.