செம்பில் வாய் வைத்தது யார்

கனகம்,

நீர் கோயிலாலை வாறதுக்கு முன்னம் கார் வந்திட்டுது, ரயிலுக்குப் போறன். அலுமாரித் திறப்பு தலையணைக்குக் கீழை. உம்மடை அண்ணை வெள்ளிக்கிழமை உம்மைக் கொழும்பு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு வருவார்.

செம்பிலை வாய் வைச்சுத் தண்ணி குடிச்சது எங்கடை சின்னவள் இல்லை, நான்தான். ஆறு மாதமா அண்ணாந்து குடிக்க ஏலாது. கழுத்திலையிருந்து விரல் மட்டும் கரண்ட் அடிச்ச மாதிரி இழுக்கும். கரைவலை இழுக்கிறவன், சொல்ல வெக்கமாக் கிடந்தது. நீர் அவளை ஏசேக்கையும் வாய்மூடி இருந்திட்டன்.

கழுத்திலை ஒப்பரேசன் செய்தா இந்த நோவு போகும் எண்டு டொக்டர் சொன்ன நாள் துவக்கம், பயத்தைவிட நிம்மதிதான் கூட. இனி ஒளிக்கத் தேவையில்லை.

முத்துக்குமாரு

இடம் காணாது, ஓரத்திலை எழுதுறன்: செம்பைத் தேடாதையும், கொண்டுபோறன். சுகமாகி வந்து, சின்னவளுக்கு முன்னாலை அண்ணாந்து குடிச்சுப்போட்டு, நானே அவளிட்டை மன்னிப்புக் கேக்கிறன்.