நூற்றுக்குப் பதினொன்று

இரும்புலியூர்,
ஞாயிறு மாலை.

அன்புள்ள ஜெஃப்ரிக்கு,

ஸ்தோத்திரம். அத்தையும் நானும் சுகம். முழங்கால் வலியோடும் அத்தை பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையை விடுவதாக இல்லை. இந்த வாரம் ஒரு ரோஜாச் செடியும், நம் வீட்டு மிக்சி எதற்கும் பொருந்தாத ஒரு மூடியும் வாங்கி வந்திருக்கிறார். அங்கே குளிர் குறைந்ததா, தன் பிள்ளை காதை மூடிக்கொண்டு வெளியே போகிறானா என்று தினமும் என்னிடம் கேட்கிறார்.

இதை போனில் சொல்லாமல் இவ்வளவு நீளமாக மெயிலில் எழுதக் காரணம் உண்டு. நேற்று நான் சொல்லி முடிப்பதற்குள் நீங்கள் சிரித்தீர்கள், நான் கத்தினேன். எழுதினால் முழுதாகப் படித்துத்தானே ஆகவேண்டும்.

குறைமாதக் குழந்தைகளை எப்போது வீட்டுக்கு அனுப்பலாம் என்று நாம் சேர்ந்து எழுதிய கட்டுரையைப் பற்றித்தான். அதை நம்பி, அடுத்த மாதம் முதல் மருத்துவமனையில் குழந்தைகளைச் சீக்கிரம் வீட்டுக்கு அனுப்பப் போகிறார்கள். அதற்கு முன் நம் கணக்குப் போட்ட புரோகிராமைத் தரும்படி அந்த மருத்துவமனையின் டாக்டர் அனந்தகிருஷ்ணன் கேட்டார். நம் ஆபீஸ் கிளஸ்டரைப் பார்த்துக்கொள்ளும் ஸ்ரீநிவாசராகவன் சார் அவ்வளவு லேசில் விடுவாரா? "கிளஸ்டர்ல, கன்டெய்னருக்குள்ள ஒரு தடவை ஓட்டிக் காட்டும்மா, அப்புறம் குடு" என்று சொல்லிவிட்டார். உங்களுக்குத்தான் அவரைக் கண்டாலே ஆகாதே. எல்லோரும் பங்குபோடும் கிளஸ்டர் கணினிகளுக்கு வரிசையில் நிற்பதா, மென்பொருளைப் பதிப்பு மாறாமல் கன்டெய்னரில் பெட்டி கட்டிக்கொண்டு போவதா, கொடுத்த நேரம் முடிந்ததும் முகத்தில் அடித்தாற்போல் மூடிக்கொள்ளும் கணினி ஜன்னலில் உட்கார்ந்து யோசிப்பதா என்று லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு போனவர் நீங்கள்.

நான் வரிசையில் நின்றேன். சீக்கிரம் வீட்டுக்குப் போன குழந்தைகளில் நூற்றுக்கு மூன்று பேர்தான் மூச்சுத் திணறி மறுபடி ஆஸ்பத்திரியில் சேர்ந்தார்கள் என்பது நம் கட்டுரை. கன்டெய்னரில் பதினொன்று வந்தது. என் கைதான் எங்கோ தவறியது என்று நினைத்து மறுபடி ஓட்டினேன். சார் தானே வேறொரு கணினியில் ஓட்டிப் பார்த்தார். பதினொன்றுதான்.

பதிப்பு மாறியிருக்கும், விடு என்று நேற்றுச் சொன்னீர்கள். இல்லை, ஜெஃப். உங்கள் லேப்டாப்பில் இருந்த அதே பதிப்புகளைத்தான் பெட்டிக்குள் வைத்தேன். உங்கள் மூன்றில் விடுபட்டவர்கள் யார் என்று பார்த்தேன், எல்லோரும் வேறு ஆஸ்பத்திரிகளில் சேர்ந்தவர்கள். அந்தக் குழந்தைகளை ஒதுக்கினால் என்ன வரும் என்று எப்போதோ ஒரு வரியை ஓட்டிப் பார்த்திருக்கிறீர்கள். பிறகு அந்த வரியை அழித்துவிட்டீர்கள். ஆனால் ஜன்னலை மூடவில்லை. வரி போய்விட்டது, ஒதுக்கிய குழந்தைகள் கணினியின் நினைவுக்குத் திரும்பவில்லை. அதே ஜன்னலில் வாரக்கணக்காக மேலே ஒரு வரி, கீழே ஒரு வரி என்று ஓட்டிக்கொண்டே இருப்பது உங்கள் பழக்கமாயிற்றே. நேற்று மீன் குழம்பு வைத்த சட்டியைக் கழுவாமல் இன்று பால் காய்ச்சிய கதைதான். கன்டெய்னர் ஒவ்வொரு முறையும் கழுவிய சட்டியோடு ஆரம்பிக்கிறது.

சந்தேகம் தீர நானே என் கணினியில் அப்படி ஒரு வரியை எழுதி, ஓட்டி, அழித்துவிட்டு மீதியை ஓட்டினேன். அச்சு அசலாக மூன்று வந்தது. நீங்கள் வேண்டுமென்று செய்யவில்லை என்று தெரிந்ததும் எனக்கு அழுகையே வந்துவிட்டது. அது நிம்மதியில் வந்த அழுகை. ஒரு நாள் முழுக்க உங்களைச் சந்தேகப்பட்டேன், அதற்கு என்னை மன்னிக்க வேண்டும்.

ஒதுக்கப்பட்டவர்களில் நம் பக்கத்துத் தெரு ஜீவிதாவின் மகனும் இருக்கிறான். கட்டுரைக்காக நான் வீடு வீடாகப் போய் விசாரித்தபோது அவள் சொன்னது இன்னும் காதில் நிற்கிறது. "வூட்டுக்கு வந்த அன்னிக்கே புள்ள மூச்சு வாங்கிகினு கீதுக்கா. அவ்ளோ தூரம் உங்க ஆஸ்பத்திரிக்கு எங்க போறது? கிட்ட இருந்த எடத்துக்குத் தூக்கினு ஓடுனோம்" என்றாள். பிழைத்துவிட்டான், இப்போது வாசல்வரை தவழ்ந்து வருகிறான். நம் கட்டுரையில்தான் அவன் இல்லை.

ஒரு மாதம் பொறு, என் வேலை ஒப்பந்தம் நீட்டிக்கப்படட்டும், பிறகு திருத்திக்கொள்ளலாம் என்றீர்கள். அது நீண்டால்தான் எனக்கு அங்கே வர விசா என்பது எனக்கு மட்டும் தெரியாதா? அங்கே போடுவதற்கென்று வாங்கிய ஸ்வெட்டரை இந்த வெயிலில் எடுத்துப் போட்டுப் பார்த்து, அத்தையிடம் கேலி வாங்கியவள் நான். உங்களைப் பார்க்க வேண்டும் என்று தவிக்கிறேன். ஆனாலும் முடியாது. நாம் ஒரு மாதம் பொறுத்துக்கொள்வோம், அந்த மாதத்தில் வீட்டுக்குப் போகும் பிள்ளைகளின் மூச்சு பொறுக்குமா? யார் சொன்னாலும் இதில் நான் மாறுவதாக இல்லை.

புதன்கிழமை டாக்டர் அனந்தகிருஷ்ணனைப் பார்க்க நேரம் வாங்கிவிட்டேன். பதினொன்று என்ற கணக்கும், அதை யாரும் ஓட்டிப் பார்க்கக்கூடிய கன்டெய்னரும் அன்று அவர் கைக்குப் போய்விடும். அதற்கு முன் அவருக்கும் கட்டுரையை வெளியிட்டவர்களுக்கும் நீங்களே எழுதிவிடுங்கள். கீழே என் பெயரையும் போடுங்கள், கட்டுரையில் என் பெயரும்தானே இருக்கிறது.

நீங்கள் எழுதினால் அது திருத்தம். நான் எழுதினால் புகார். கட்டிய கணவர்மேல் புகார் எழுத என்னை விட்டுவிடாதீர்கள், ஜெஃப். வேலை போனால் போகட்டும், கிளம்பி வாருங்கள். கர்த்தர் உங்கள் கைக்குத் தைரியம் கொடுப்பாராக.

புதன்கிழமைவரை உங்கள் மெயிலுக்காகக் காத்திருக்கும்,
உங்கள் ஜெரூஷா